பெரிய நாய் கட்டுக்குள் வரவில்லையா? பயிற்சியாளரிடம் போகும் முன்பும் போன பின்பும்

ராஜபாளையம் குட்டியை வாங்கி வரும்போது மடியில் அடங்கிவிடும். ஒன்றரை வயதில் அதுவே 25 கிலோவைத் தாண்டி, தொடைக்கு மேல் உயரமாக நிற்கும். கேட்டைத் திறந்தால் பாய்கிறது. தெருவில் ஒரு வண்டி போனால் பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து இழுக்கிறது. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் யாராவது ஒருவர், "ட்ரெய்னரிடம் ஒரு மாதம் விட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்பார்.

ட்ரெய்னர் வேண்டும் என்பது சரிதான். ஆனால் வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுப்பதுபோல நாயை விட்டு எடுக்க முடியாது. நாயைத் தினமும் பிடித்து நடக்கப்போகிறவர் நீங்கள். கேட்டைத் திறந்து மூடப்போகிறவரும் நீங்கள்தான். நல்ல பயிற்சியாளர் தன் நேரத்தில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான் சொல்லிக்கொடுப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். ராஜபாளையத்தை முன்னால் நிறுத்தி எழுதியிருக்கிறேன். கோம்பை, ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், டாபர்மேன் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

பயிற்சியாளர் கிடைக்க ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். அதுவரை நாய் பாயும் சந்தர்ப்பமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை குரைத்துப் பாயும்போதும் கூரியர்காரர் திரும்பிப் போய்விடுகிறார். அவர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறார். நாயோ தான் விரட்டியதால் போனார் என்று நம்புகிறது. தினம் இரண்டு முறை இப்படி நடந்தால், தினம் இரண்டு முறை நீங்களே அதற்குப் பாயப் பயிற்சி கொடுப்பதாகத்தான் ஆகும்.

வெளிக் கேட்டுக்கும் நாய்க்கும் நடுவில் எப்போதும் இரண்டாவது கதவு ஒன்று இருக்கட்டும். நம் வீடுகளில் வராந்தாவுக்கு இருக்கும் கம்பிக் கதவே போதும். கேட் திறக்கும்போது கம்பிக் கதவு மூடியிருக்க வேண்டும் என்பதை வீட்டு வேலைக்கு வருகிறவர் உட்பட எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளைகளையும் நாயையும் பெரியவர் யாரும் பார்க்காமல் ஒரே அறையில் ஒரு நிமிடம்கூட விட வேண்டாம். நடைக்குக் கூட்டிப்போவதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். தெரு காலியாக இருக்கும், தார் ரோடும் காலைச் சுடாது.

சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஓடி விலகிப்போகும் வழி இல்லை. பயந்தால் அதற்கு மிஞ்சுவது பாய்ச்சல் ஒன்றுதான். கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் கொடுக்காமல் விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் செய்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். "வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறோமே" என்று யாரையும் சமாதானப்படுத்தி உட்காரவைக்காதீர்கள். எத்தனை தவணை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், அத்தனையும் போட்டு முடிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் தடுக்கத் தவறினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டினால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது. சென்னையில் இருந்தால் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு வைத்திருங்கள். பொறுப்பான பயிற்சியாளர் முதல் நாளே தடுப்பூசி அட்டையைக் கேட்பார்.

பயிற்சியாளருக்கு முன்னால் கால்நடை மருத்துவர்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழுதாகப் படியுங்கள்.

நன்றாக இருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் முதலில் வலி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காதில் சீழ், பல் வலி, ஜெர்மன் ஷெப்பர்டிலும் ராட்வீலரிலும் அடிக்கடி வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு, நம் ஊரில் சாதாரணமான உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைபாடு என்று காரணங்கள் பல. வலியோடு இருக்கும் நாய்க்கு 'உட்காரு' கற்றுக்கொடுப்பது அதற்கு வதை. மருத்துவர் மூட்டுகளை அசைத்துப் பார்க்கட்டும், காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கட்டும், ரத்தப் பரிசோதனை எழுதட்டும். பெரிய அளவில் பார்க்க வேண்டியிருந்தால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு.

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் காதையும் சோதிக்க வேண்டும். அந்தப் பால் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் உண்டு. "கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை, திமிர் பிடித்தது" என்று ஆண்டுக் கணக்கில் திட்டு வாங்கும் நாய்களில் சிலவற்றுக்குக் காதே கேட்காது. வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நாய் வேறு பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது, நான்கைந்து அடி தள்ளிப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். உங்கள் நிழல் அதன் முன்னால் விழக் கூடாது. தரையைத் தட்டவும் கூடாது, அதிர்வை உடம்பாலேயே உணர்ந்துகொள்ளும். காது மடல்கூட அசையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் சத்தத்துக்கு எழும், ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாமல் தேடும்.

இது தெரிந்தால் பயிற்சியின் பாதையே மாறிவிடும். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டு வாய் வைக்கும். அதை ஆக்ரோஷம் என்று அடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதற்குக் கைச்சைகையில் கற்றுக்கொடுக்க வேண்டும்; கற்றுக்கொள்ளவும் செய்யும்.

கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆண் நாய் ஊர் சுற்றுவதை அது குறைக்கலாம். பயத்தால் வரும் பாய்ச்சலுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

கையில் ஒரு நோட்டு

பயிற்சியாளரிடம் "ரொம்ப முரடு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு வாரம் எழுதிவையுங்கள்: யாரைப் பார்த்துப் பாய்ந்தது, எவ்வளவு தூரத்தில் பார்த்ததும் உடம்பு விறைத்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. தொப்பி போட்ட ஆண்களா, சைக்கிளா, தெரு நாய்களா, சாப்பாட்டுத் தட்டா? பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும்.

கடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சியாளர்கள் பலர் கடியை அளக்க, நாய் நடத்தை வல்லுநரான கால்நடை மருத்துவர் இயான் டன்பர் வகுத்த ஆறு நிலை அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். காற்றில் வாயடித்து எச்சரிப்பது முதல் நிலை. பல் தோலில் பட்டும் குத்தாமல் விட்டால் இரண்டாவது. ஒரே கடியில் ஆழமில்லாத துளைகள் விழுந்தால் மூன்றாவது. ஆழமாக இறங்கினாலோ, கடித்துப் பிடித்து உலுக்கினாலோ நான்காவது. பல முறை கடித்துக் குதறுவது ஐந்தாவது, உயிர்ப்பலி ஆறாவது. முதல் இரண்டு நிலையில் இருக்கும் நாய் தன் வாயை இன்னமும் அடக்கிவைத்திருக்கிறது என்று பொருள். நான்காம் நிலையைச் சாதாரணப் பயிற்சியாளர் தனியாகக் கையாளக் கூடாது. மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

வீடியோ எடுத்தால் நல்லது. ஆனால் வீடியோவுக்காக நாயைச் சீண்ட வேண்டாம்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளர் ஆக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். ஆகவே பார்த்து எடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கேரன் பிரையர் அகாடமி, சி.பி.டி.டி-கே.ஏ. போன்ற வெளிநாட்டுச் சான்றுகள் பெற்றவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். சான்று இருந்தால் நல்லது. இல்லாமலே அருமையாக வேலை செய்பவர்களும் உண்டு. போலீஸ், ராணுவ நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். அவர்கள் அனுபவம் உண்மையானது. ஆனால் அங்கே வரும் நாய் துணிச்சலும் வேலை ஆர்வமும் பார்த்துப் பொறுக்கியெடுத்தது. உங்கள் வீட்டு நாயின் சிக்கல் பயமாக இருக்கலாம். பயந்த வீட்டு நாய்களோடு எத்தனை காலம் வேலை செய்திருக்கிறார் என்று தனியாகக் கேளுங்கள்.

போனிலேயே மூன்று கேள்வி கேட்கலாம். என் நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? நான் கூடவே இருக்கலாமா? முதல் கேள்விக்குத் தீனி, விளையாட்டு, பாராட்டு என்று பதில் வர வேண்டும். இரண்டாவதுக்கு "தூரத்தைக் கூட்டுவேன், வேலையை எளிதாக்குவேன்" என்கிற மாதிரி வர வேண்டும். "அதை விடுங்கள் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மழுப்பினால், அடிக்கப்போகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுக்கு "நீங்கள் இருந்தால் நாய் கவனிக்காது" என்று வந்தால் அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும்போது கவனிக்கக் கற்பதற்குத்தானே பணம் கட்டுகிறீர்கள்?

கழுத்தை இறுக்கும் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை, ஷாக் கொடுக்கும் பட்டை, நாயைக் குப்புறத் தள்ளி அமுக்குவது ஆகியவற்றுக்குச் சம்மதிக்காதீர்கள். "நீங்கள்தான் கூட்டத்தின் தலைவர் என்று காட்ட வேண்டும்" என்ற பேச்சு இன்னும் நம் ஊரில் செல்லுபடியாகிறது. அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து வந்த கருத்து அது. 1970-இல் அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் தானே திருத்தி எழுதினார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021-இல், ஆக்ரோஷமான நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது. மென்மையான மனசால் சொன்னதில்லை இது. உறுமும் நாயை அடித்தால் உறுமுவதை நிறுத்தும். பயம் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். 25 கிலோ நாயிடம் உறுமல் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி, அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

ஹாஸ்டல் பயிற்சி, அதாவது ஒரு மாதம் அங்கேயே விட்டுவிடுவது, முரட்டு நாய்க்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே உங்கள் கேட் இல்லை, காலிங் பெல் இல்லை, உங்கள் அம்மாவும் இல்லை. அங்கே அந்தப் பயிற்சியாளருக்கு அடங்கிய நாய், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் பழையபடி ஆவது சாதாரணம். நாள் முழுக்க அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவும் வழியில்லை. செலவு அதிகம் என்று பட்டாலும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவரையே பிடியுங்கள். மாதம் மொத்தமாக வாங்குபவர்கள் உண்டு, ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களும் உண்டு. முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கொடுத்துப் பாருங்கள். "இத்தனை நாளில் முழுசாகச் சரியாக்கித் தருகிறேன்" என்று உத்தரவாதம் தருபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

முதல் வகுப்பில் நாயைப் பாருங்கள்

நல்ல பயிற்சியாளர் வந்ததும் நாயைத் தொட மாட்டார். தள்ளி உட்கார்ந்து, உங்களிடம் பேசிக்கொண்டே அதைக் கவனிப்பார். நிறையக் கேள்வி கேட்பார். நோட்டைக் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் கண் பயிற்சியாளர் மேல் இல்லாமல் நாயின் மேல் இருக்கட்டும். உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகுவது, பிடித்த தீனியையே மறுப்பது எல்லாம் நாய் தாங்க முடியாமல் இருப்பதன் அடையாளங்கள். பதினைந்து நிமிடத்தில் முரட்டு நாய் பூனைக்குட்டி ஆகிவிட்டதாகத் தெரிந்தால் பெருமைப்பட வேண்டாம். தலையைத் தொங்கப்போட்டு மெதுவாக நடக்கிறதா என்று பாருங்கள். அது அடங்கவில்லை, உறைந்துபோயிருக்கிறது. வகுப்பை அங்கேயே நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த வகுப்புக்கு அவரைப் பார்த்ததும் நாய் வாலாட்டிக்கொண்டு வர வேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல்களில் இதுதான் நம்பகமானது.

பயிற்சி எப்படி இருக்கும்: காலிங் பெல்

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதே அச்சுதான்.

பெல் அடித்தால் வாசலுக்குப் பாயும் நாயை, பெல் அடித்தால் தன் சாக்கின் மேல் போய்ப் படுக்கும் நாயாக மாற்ற வேண்டும். கோழி ஈரலை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து தள்ளி ஓர் இடத்தில் கோணிச் சாக்கை விரியுங்கள். நாய் தற்செயலாக அதில் கால் வைத்தாலே ஒரு துண்டு, சாக்கின் மேலேயே வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து நிற்கும். நின்றால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, படுத்தால் இரண்டு மூன்று. ஐந்து நிமிடத்தில் நிறுத்திச் சாக்கைச் சுருட்டிவிடுங்கள்.

நாய் சாக்கை விரிப்பதைப் பார்த்ததுமே ஓடிவந்து படுக்கும் நிலை வந்ததும், உங்கள் வீட்டு பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து மிக மெதுவாகப் போடுங்கள். காது நிமிரும், உடம்பு எழாது; அந்த அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும். சத்தம் வந்து முடிந்த உடனே ஈரல். இந்த வரிசை மாறக் கூடாது: முதலில் பெல், பிறகு தீனி. தீனியைக் காட்டிவிட்டு பெல்லைப் போட்டால் ஒன்றும் பதியாது. பெல் சத்தம் கேட்டதும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். அப்போது சத்தத்தை ஒரு படி கூட்டலாம். எழுந்து குரைத்துவிட்டால் திட்ட வேண்டாம். அவசரப்பட்டது நீங்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு படி குறையுங்கள். அடுத்து நிஜ பெல்லை வீட்டு ஆள் அடிக்க, அதற்கடுத்து கேட் சத்தமும் சேர, கடைசியில் நாய்க்குத் தெரிந்த ஒரு நண்பர் வர என்று போகும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நிஜ விருந்தாளி வந்தால் நாய் உள் அறையில் இருக்கட்டும்.

தெருவில் சத்தத்துக்குப் பதில் தூரம். எதிரே வரும் நாயைப் பார்த்தும் பாயாமல், தீனி வாங்கிச் சாப்பிடும் தூரம் எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். அது நூறு அடியாக இருந்தாலும் பரவாயில்லை. நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் வார், போட்டால் இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பும், கழுத்து நெரியாது. காலையில் பட்டாசு வெடித்து, மதியம் அந்நியர் வந்து போய், சாயங்காலம் நடைக்குப் போனால் நாய் வழக்கத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். அந்த மாதிரி நாளில் பயிற்சி வேண்டாம்.

வாய்மூடி

கடையில் மசில் என்று கேளுங்கள். கூடை வடிவில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். அதற்குள் நாய் வாயைத் திறந்து இளைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை மருத்துவமனையில் சில நிமிடத்துக்கு மேல் போடக் கூடாது. வாய் திறந்து மூச்சு வாங்கித்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் வாய் கட்டிய நாய் மயங்கி விழும்.

திடீரென்று மாட்டாதீர்கள். கூடையின் உள்ளே கெட்டித் தயிரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, நாய் தானே மூக்கை நுழைக்க விடுங்கள். சில நாளைக்கு வாரைக் கட்டவே வேண்டாம். அப்புறம் ஒரு நொடி கட்டி அவிழ்த்து, மெல்லக் கூட்டுங்கள். வாய்மூடி போட்ட நாயைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும். லிஃப்டில் ஒரு குழந்தை பயமில்லாமல் நிற்க முடிகிறது என்றால் அது உங்களுக்குக் கௌரவம்தான்.

வீட்டில் எல்லோரும்

பயிற்சி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அப்பா 'சிட்' என்பார், அம்மா 'உட்காரு' என்பார், தம்பி மேலே தாவும் நாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவான். நாய்க்கு மொழி பிரச்சினை இல்லை. ஒரு செயலுக்கு ஒரு சொல் என்பதுதான் தேவை. சொற்களை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். நாயைப் பிடித்து நடக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு வகுப்பிலாவது பயிற்சியாளர் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும். பிடிக்க வலு இல்லாத தாத்தாவையோ பள்ளிப் பிள்ளையையோ தெருவுக்கு அனுப்பக் கூடாது, பயிற்சி எவ்வளவு முன்னேறியிருந்தாலும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை பெரிய நாய்களுக்கு விடலைப் பருவம். கற்றதெல்லாம் மறந்தாற்போல் நடக்கும் வாரங்கள் வரும். பழைய எளிய படிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏறுங்கள்.

நகரவே இல்லை என்றால்

ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் செய்தும் மாற்றம் இல்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் போங்கள். கடுமையான பயம் உள்ள நாய்களுக்கு ஃப்ளுவாக்செட்டின் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். வேலை செய்யத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சியோடு சேர்ந்தால்தான் பலன், திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனிதர்களுக்கு எழுதிய மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, நாய் ஏற்கெனவே ஆழமாகக் கடித்திருக்கிறது, இரண்டையும் பிரித்துவைக்க இடமும் இல்லை என்றால், அந்த நாய் அந்த வீட்டில் இருக்கலாமா என்பதைப் பயிற்சியாளரும் மருத்துவரும் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேறு வீட்டுக்குக் கொடுப்பதாக முடிவானால் கடித்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுங்கள். தோப்புக் காவலுக்கு ஆகும் என்று சொல்லி, சங்கிலியோடு யாரிடமாவது தள்ளிவிட வேண்டாம். நோட்டு, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு, பழக்கிய வாய்மூடி, பழகிய சொற்களின் பட்டியல் எல்லாம் நாயோடு போக வேண்டும். புதிய வீட்டுக்காரர் முதல் சில முறை உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் பயிற்சியாளர் முன்னிலையில் நாயோடு பழகிய பிறகே கூட்டிப்போகட்டும்.